பட்டறையில் நிற்கும் நாளுக்கும் டிரைவருக்குப் படி கொடுங்கள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரி உரிமையாளர்களுக்கும் உங்கள் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

சேலம் ரோட்டில் பட்டறை வைத்திருப்பவன் எழுதுகிறேன். 1993-இல், 14 வயதில், ஸ்பேனர் கழுவும் பையனாக இந்தத் தொழிலுக்கு வந்தேன். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. இன்றைக்கு வண்டி ஓட்டும் உங்களில் பலருடைய அப்பாக்களின் லாரிக்கு அடியில் படுத்துத்தான் வேலை படித்தேன். என் பட்டறைக்கு இன்றும் வருபவை பெரும்பாலும் பழைய வண்டிகள். 2003 மாடல் டாரஸ், 2008 மாடல் 2515, போர் போடும் ரிக் ஏற்றிய பழைய ஆறு சக்கர வண்டி என்று, கம்பெனி சர்வீஸ் சென்டர் கைவிட்டுவிட்ட வண்டிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

உங்களிடம் கேட்க வந்தது ஒரே ஒரு காரியம். வண்டி பட்டறையில் நிற்கிற நாளுக்கும் டிரைவருக்குப் படி, அதாவது பேட்டா, கொடுங்கள். டிரைவர்கள் யாரும் என்னைத் தூது அனுப்பவில்லை. ஒரு மெக்கானிக்காக, பழைய வண்டிகள் ஏன் கெடுகின்றன, ஏன் கவிழ்கின்றன என்று 32 வருஷமாகப் பார்த்த பிறகு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். அதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருப்பதால் மடல் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011 தை மாசம். ஒரு பழைய டாரஸ், தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு நம்ம ஊர்த் தீவன மில்லுக்கு வந்துகொண்டிருந்தது. தர்மபுரி தாண்டி, விடியற்காலையில் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் வண்டியை ஒதுக்கி மண் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டார். முன்னால் போன கார்கள் தப்பித்தன. அவருக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ரோடு முழுக்க மக்காச்சோளம்.

வண்டி ரெக்கவரி வண்டியில் கட்டி இழுத்து என் பட்டறைக்குத்தான் வந்தது. சக்கரங்களைக் கழற்றினேன். பின்னால் உள்ள இரண்டு ஆக்ஸிலிலும் சேர்த்து மூன்று ட்ரம்கள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. பிரேக் லைனர்கள் தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகியிருந்தன. நாலாவது சக்கரத்தில் லைனர் கிட்டத்தட்டப் புதுசாக, கனமாக இருந்தது. அந்த லைனர் பல நாளாக ட்ரம்மைத் தொடவே இல்லை. பிரேக் சேம்பருக்குள் டயஃப்ராம் கீறியிருந்தது, ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்து புஷ் ராடு கடைசி வரை ஓடி முட்டிக்கொண்டிருந்தது. ஒரு சக்கரம் செய்ய வேண்டிய வேலையை மற்ற மூன்றும் சேர்ந்து செய்து, சூடேறி, கடைசியில் மூன்றும் கைவிட்டிருக்கின்றன. அந்த டயஃப்ராம் சில நூறு ரூபாய்ச் சாமான்.

ஆஸ்பத்திரிக்குப் போய் டிரைவரைப் பார்த்தேன். என்னைவிட இளையவர். நான் கேட்காமலேயே சொன்னார். "பதினஞ்சு நாளாத் தெரியுமுங்ணா. எறக்கம் முடிஞ்சு டீக்கடையில நிறுத்தித் தொட்டுப் பாத்தா எல்லா ட்ரம்மும் கொதிக்குது, அது மட்டும் சில்லுன்னு கெடக்குது. போன மாசம் கியர் பாக்ஸ் வேலைக்கு உங்க பட்டறையில அஞ்சு நாள் கெடந்தேன். அஞ்சு நாளும் படி இல்லீங். மறுக்கா வண்டிய நிறுத்துனா வூட்டுக்கு என்னத்தைங்ணா கொண்டுபோறது?"

அந்த ஐந்து நாளும் அவர் என் பட்டறைத் தகரக் கொட்டகையில்தான் படுத்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன், பேசியிருக்கிறேன். படி வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது எனக்கும் உங்களுக்கும் இடையிலான வேலை, அவர் காத்திருக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

இனிமேல் பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். உங்கள் அப்பாக்கள் ஸ்டியரிங் பிடித்து வந்தவர்கள், அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போனிலும் கணினியிலும் வண்டி நடத்துகிற தம்பிகளுக்காக எழுதுகிறேன்.

ஏர் பிரேக்கில் டிரைவர் மிதிப்பது காற்றைத் திறந்துவிட மட்டும்தான். கம்ப்ரசர் அடைத்து வைத்த காற்று ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் சேம்பருக்குப் போய், ரப்பர் டயஃப்ராமைத் தள்ளும். அது புஷ் ராடைத் தள்ளும். புஷ் ராடு ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்ப, அது எஸ்-கேமைத் திருப்ப, ஷூ விரிந்து லைனர் ட்ரம்மில் உரசும். சேம்பரில் 30 என்று எண் இருந்தால் உள்ளே 30 சதுர அங்குலப் பரப்பு என்று அர்த்தம். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு காற்றழுத்தத்தில் அது 3,000 பவுண்டு விசையோடு தள்ளும். ஆனால் புஷ் ராடு ஓடுவதற்கு ஓர் எல்லை உண்டு. 30 எண் சேம்பரில் முழு மிதியில் அது 2 அங்குலத்துக்கு மேல் ஓடினால் உடனே அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். அதற்குமேல் கொஞ்சம் போனாலே சேம்பரின் அடி முட்டிவிடும். முட்டிய பிறகு டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் அந்தச் சக்கரத்துக்கு விசை போகாது.

இதில் கொடுமை என்னவென்றால், பட்டறை வாசலில் ட்ரம் குளிர்ந்திருக்கும்போது பிரேக் நன்றாகப் பிடிக்கிற மாதிரிதான் தெரியும். மலை இறக்கத்தில் ட்ரம் சூடேறி விரியும். விரிவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டரை எட்டிப் பிடிக்க புஷ் ராடு பல மில்லிமீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். எல்லைக்குப் பக்கத்தில் இருந்த சக்கரம் அங்கேதான் கைவிடும். சமவெளியில் சேலம் வரை போய் வந்து "பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் பொருள் இல்லை.

ட்ரம்மில் விழுகிற சூடு எவ்வளவு என்று ஒரு கணக்கு. 25 டன் எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால், அந்தச் சூடு ஏறக்குறைய 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதைப் பிரேக் மட்டும் தாங்க வேண்டுமா, இன்ஜினும் பங்கு போட்டுக்கொள்ளுமா என்பது கியரைப் பொறுத்தது. கியரில் இறங்கினால் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். புகைக் குழாயை அடைத்து இன்ஜினை இறுக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்தால் இன்னும் நல்லது. நியூட்ரலில் போட்டு இறங்கினால் முழுச் சூடும் ட்ரம்முக்கு. நியூட்ரலில் டீசல் மிச்சம் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், சில உரிமையாளர்களும் அதை ஊக்குவிக்கிறீர்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில்கூட, கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலை முழுவதும் நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஐடிலில் ஓட டீசல் குடிக்கும். சாவியை அணைத்துவிட்டு இறங்கினால் கம்ப்ரசரும் நிற்கும், பவர் ஸ்டியரிங்கும் இறுகும். மிச்சம் பிடிக்க அங்கே எதுவுமே இல்லை.

தொப்பூர் இறக்கத்தில் 2020 டிசம்பரில் ஒரு லாரி முன்னால் நின்ற கார்கள்மேல் ஏறி நாலு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் நாலு பேர். அந்த வண்டிகளை நான் பார்க்கவில்லை, அவற்றில் என்ன கோளாறு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தச் செய்திகளைக் கேட்டபோது, என் பட்டறையில் அன்றைக்கு நின்ற வண்டிகளின் புஷ் ராடுகளைப் பையன்களை வைத்து ஒன்று விடாமல் அளக்கச் சொன்னேன். ஒன்பது வண்டியில் நாலு வண்டிக்கு ஏதாவது ஒரு சக்கரம் எல்லை தாண்டியிருந்தது. அந்த நாலு வண்டிகளும் பிரேக் வேலைக்கு வந்தவை அல்ல. கிளட்ச், ரேடியேட்டர், ஸ்பிரிங் பட்டை முறிவு என்று வேறு வேலைக்கு வந்தவை.

இப்போது டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பி.எஸ்.-6 வண்டியில் கோளாறு என்றால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், பஸ்ஸர் அடிக்கும், ஸ்கேனரை மாட்டினால் கோளாறின் குறியீட்டு எண் வரும். நிறைய வண்டிகளில் தகவல் நேராக உங்கள் போனுக்கே வந்துவிடுகிறது. பழைய வண்டியில் அப்படி எதுவும் கிடையாது. காற்று மீட்டர், ஆயில் பிரஷர் மீட்டர், டெம்பரேச்சர் மீட்டர் மூன்றும் ஒழுங்காக வேலை செய்தாலே பெரிய விஷயம். அந்த வண்டியில் இருக்கிற ஒரே சென்சார் டிரைவரின் உடம்புதான். கால், காது, மூக்கு, புறங்கை. ஒவ்வொரு மிதிக்கும் காற்று முள் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்ப ஏறுகிறது என்று அவர் கண்ணுக்குத் தெரியும். கிளட்ச் வாடை, லைனர் வாடை, வயர் வாடை மூன்றையும் பிரித்துச் சொல்வார். ஸ்டியரிங் ஆடுவது கிங்பின்னாலா, டயராலா, டை ராடாலா என்று நான் ஜாக்கி போட்டுக் கண்டுபிடிப்பதை அவர் உட்கார்ந்த இடத்திலேயே முக்கால்வாசி சொல்லிவிடுவார்.

அந்த சென்சாரை நீங்கள்தான் அணைத்து வைத்திருக்கிறீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. நம்ம வட்டாரத்தில் டிரைவருக்குப் பெரும்பாலும் ட்ரிப்புக்கு இவ்வளவு, அல்லது வாடகையில் இத்தனை சதவீதம் என்றுதான் கணக்கு. சக்கரம் சுற்றினால் பணம், நின்றால் இல்லை. கோளாறைச் சொன்னால் வண்டி பட்டறைக்குப் போகும், இரண்டு நாளோ நாலு நாளோ வருமானம் போகும். சொல்லாவிட்டால் இந்த ட்ரிப் படி கைக்கு வரும். உண்மை சொல்கிறவருக்கு அபராதம் போடுகிற ஏற்பாடு இது. இதில் சில உரிமையாளர்கள், "நீ ஓட்டுன லட்சணந்தான்டா கிளட்ச் போச்சு" என்று செலவையும் அவர் தலையில் கட்டுகிறார்கள். அதற்கப்புறம் அவர் ஏன் வாயைத் திறக்கப்போகிறார்?

என் பட்டறைக்கு வருகிற பெரிய வேலைகளில் பாதிக்கு மேல் இப்படி மறைக்கப்பட்ட சின்ன வேலைகள்தான். இன்ஜினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று உங்களுக்குத் தெரியும். வெறும் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டுகிறோம். உள்ளே காறை படிந்து சூடு வெளியேறாது. அதைவிடப் பெரிய கேடு இன்ஜினுக்குள் இருக்கிற சிலிண்டர் லைனருக்கு. பிஸ்டன் அடிக்கிற அடியில் சிலிண்டர் லைனர் அதிரும். அதன் வெளிப்புறத்தில் தண்ணீரில் குமிழ்கள் உண்டாகி உடையும். உடைகிற ஒவ்வொரு குமிழும் இரும்பில் ஊசி முனை அளவு கொத்தும். லட்சக்கணக்கான கிலோமீட்டரில் அந்தக் கொத்தல் சேர்ந்து லைனரையே துளைத்துவிடும். சரியான கூலண்ட் அந்தக் கொத்தலைத் தாங்க லைனர்மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாக்கித் தரும். வெறும் தண்ணீர் தராது. துளை விழுந்தால் தண்ணீர் ஆயில் சம்ப்பில் இறங்கும். ஆயிலைத் திறந்தால் மோர் மாதிரி வரும். பேரிங் போகும், கிராங்க் போகும், லட்ச ரூபாய்க்கு மேல் பில் வரும்.

அப்படி ஒரு பழைய 2515-ஐத் திறந்துபோட்டுவிட்டு டிரைவரிடம் கேட்டேன். ஒன்றரை மாசமாக ட்ரிப்புக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்ததாம். அவரே வழியில் பாட்டிலில் பிடித்து ஊற்றி ஓட்டியிருக்கிறார். முதல் வாரமே சொல்லியிருந்தால் ஒரு லைனர், ஒரு செட் ரிங், ஹெட் கேஸ்கெட்டோடு முடிந்திருக்கும். உரிமையாளர் அந்த டிரைவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். புதிதாக வந்த டிரைவர் முதல் நாளே என்ன பாடம் கற்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

சக்கர நட்டும் அப்படித்தான். பஞ்சர் போட்டோ டயர் மாற்றியோ சக்கரத்தை மாட்டினால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை முறுக்க வேண்டும். பெயிண்டும் துருவும் அழுந்தி நட்டு தானாகத் தளரும். நட்டைச் சுற்றித் துரு வழிந்த கோடு தெரிந்தால் அது ஏற்கனவே ஆடுகிறது என்று அர்த்தம். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய டிரைவர் வழியில் நிறுத்தி வீல் ஸ்பேனர் எடுப்பாரா?

முன்பெல்லாம் கிளீனர் என்று ஒரு பையன் இருப்பான். வண்டி நிற்கிற இடமெல்லாம் இறங்கி ஒரு கட்டையால் டயரைத் தட்டிப் பார்ப்பான், ஹப்பில் கை வைப்பான், ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவான், பட்டையில் வெடிப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான். நாலைந்து வருஷத்தில் அவனே டிரைவர் ஆவான், வண்டியின் ஒவ்வொரு நரம்பும் தெரிந்த டிரைவராக. செலவு தாங்கவில்லை என்று கிளீனரை எடுத்துவிட்டோம். உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. டீசல், டோல், இன்சூரன்ஸ், டயர் எல்லாம் ஏறிக்கொண்டே போக, வாடகை மட்டும் அதற்கு ஈடாக ஏறவில்லை. ஒன்றிரண்டு வண்டி வைத்து, ஃபைனான்ஸ் கட்டி, தூக்கமில்லாமல் இருப்பவர்கள்தான் நம்மில் அதிகம். ஆனால் கிளீனர் போன பிறகு அந்த வேலையும் சேர்ந்து டிரைவர் தலையில் விழுந்தது. அதற்கென்று அவருக்கு ஒரு ரூபாய் கூடவில்லை.

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருஷாவருஷம். எஃப்.சி. வருகிறது என்றால் வண்டியைக் கொண்டுவந்து விடுகிறீர்கள். டிங்கரிங், பெயிண்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், புது லைட், ஹாரன். சிலர் அந்த ஒரு நாளைக்கு மட்டும் வேறு வண்டியின் நல்ல டயரை மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் கழற்றிப் பழைய டயரைப் போடுகிறார்கள். என் பட்டறையிலும் அது நடந்திருக்கிறது, என் பையன்கள்தான் கழற்றி மாட்டினார்கள். மூன்று வருஷமாக அந்த வேலையை நான் எடுப்பதில்லை. மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஜனங்கள் எந்தக் காலத்திலிருந்தோ 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் பார்க்க வேண்டியதில் முதலாவது எது என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. பெயிண்டுக்குச் செலவு செய்கிற நாம்தான் மறந்துவிட்டோம்.

தானியங்கிச் சோதனை நிலையம் வருகிறது என்று பலர் பயப்படுகிறீர்கள். கட்டணத்தைப் பற்றிய உங்கள் குறை நியாயம், வயது கூடக் கூட எஃப்.சி. கட்டணமும் ஏறுவது சின்ன உரிமையாளரை நசுக்குகிறது. ஆனால் மிஷினைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. ரோலர் பிரேக் டெஸ்டர் ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று தனித்தனியாக எண் காட்டும். 2011-இல் அந்த டாரஸ் அப்படி ஒரு ரோலர்மேல் ஏறியிருந்தால் நாலாவது சக்கரம் அரை நிமிஷத்தில் மாட்டியிருக்கும். 2021 ஆகஸ்டில் பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கை தொடங்கிவைக்கப்பட்டதிலிருந்து, பழைய லாரி என்றாலே ஆபத்து என்கிற பேச்சு வலுத்துவிட்டது. வண்டியின் வயதை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்வதை நான் ஏற்கவில்லை. 20 வயதில் உள்ள வண்டிகளில் புஷ் ராடு ஒன்றரை அங்குலம் தாண்டாத வண்டிகள் என் கையில் இருக்கின்றன. ஐந்து வயதில் எமன் மாதிரி ஓடுகிறவையும் பார்க்கிறேன். இதை நாம் அரசாங்கத்திடம் வாதாட வேண்டுமானால் கையில் ஆதாரம் வேண்டும். மாசம் ஒருமுறை அளந்து எழுதின நோட்டு அந்த ஆதாரம்.

அந்த நோட்டுக்கும் படிக்கும்தான் நேரான தொடர்பு. என் யோசனை பெரிசு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பழைய வண்டிக்கும் மாசத்தில் ஒரு நாள் பட்டறை நாள். அன்றைக்கு டிரைவர் பட்டறையில் இருக்க வேண்டும், அவருக்கு முழுப் படி உண்டு. வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லாதீர்கள். அவர் இருந்தால்தான் எனக்கு வேலை சரியாக நடக்கும். அவர் கேபினில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, நான் கீழே ஒவ்வொரு புஷ் ராடையும் சாக்பீஸால் குறி வைத்து அளக்க வேண்டும், ஒரு ஆளால் முடியாது. அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுவோம். காற்று ஏறும் நேரம், தண்ணீர் குறைந்த அளவு, எந்த ட்ரம் சூடு, எது குளிர்ச்சி, எந்தப் பக்கம் இழுக்கிறது. அவருக்கு எழுத வராவிட்டால் என் பையன் எழுதுவான். கீழே மூன்று பேர் கையெழுத்து.

இது தவிர, ட்ரிப்புக்கு நடுவில் கோளாறு என்று அவர் வண்டியை நிறுத்தினால் அந்த நாளுக்கும் படி. அதற்கு முதல் வார்த்தையாக "ஏன் நிறுத்துன?" என்று கேட்காமல் "என்னாச்சு கண்ணு, சொல்லு" என்று கேளுங்கள்.

ஒரு நாள் படி 1,000 ரூபாய் என்றே வையுங்கள். மாசம் ஒரு நாள், வருஷத்துக்கு 12,000. பின்னால் போடுகிற ஒரு புது டயரின் விலைகூட வராது. பொய் சொல்லிப் படி வாங்கிப் படுத்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு வரும், எனக்குத் தெரியும். கோளாறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறவன் நான். இல்லாததை இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன். வருஷத்தில் இரண்டு தடவை ஏமாந்தாலும் உங்களுக்குப் போவது 2,000 ரூபாய்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த நியாயமும் இல்லை. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், வண்டி ஓடாத நேரத்தில் செய்கிற துணை வேலைகளையும் வேலை நேரத்தில் சேர்த்து எண்ணியது. வண்டியைப் பராமரிப்பது, ரிப்பேர் பார்ப்பது தொடர்பான வேலையையும் அந்தத் துணை வேலைகளில் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கிற நிறுவனங்களுக்குத்தான் அந்தச் சட்டம் இருந்தது, ஒன்றிரண்டு வண்டிக்காரருக்கு இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தியதா என்று நான் கேட்கவில்லை. அறுபது வருஷத்துக்கு முன்பே பட்டறை நேரமும் டிரைவரின் வேலை நேரம்தான் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிய வேண்டும் என்கிறேன்.

சங்க நிர்வாகிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வாடகை உயர்வுக்கும் டோலுக்கும் நீங்கள் ஒற்றுமையாக நிற்கும்போது நாடு திரும்பிப் பார்க்கிறது. ஒரு தனி உரிமையாளர் மட்டும் பட்டறை நாள் படி கொடுத்தால், பக்கத்து வண்டிக்காரர் அவரைப் பார்த்துச் சிரிப்பார். சங்கமே தீர்மானம் போட்டால் யாரும் சிரிக்க முடியாது. கூடவே, சங்கத்துக்குச் சொந்தமாக, வண்டிக்கு அடியில் நின்று பார்க்க ஒரு பள்ளமும் ஒரு ரோலர் டெஸ்டரும் வைத்து உறுப்பினர் வண்டிகளை அடக்க விலைக்குச் சோதித்துக் கொடுக்கலாம். எல்.பி.ஜி. டேங்கரும் டிரெய்லரும் ரிக் வண்டியும் இத்தனை ஓடுகிற ஊருக்கு அது ஒரு பெரிய செலவே இல்லை.

எங்கள் பக்கத்திலும் திருத்த வேண்டியது இருக்கிறது. ட்ரம்மைக் கழற்றியதும் காற்றை அடித்து லைனர் தூசியை ஊதித் தள்ளுகிறோம், பழைய லைனர்களில் கல்நார் கலந்திருந்தது, அந்தத் தூசியைப் பையன்கள் மூச்சில் இழுக்கிறார்கள். இனி ஈரத்துணிதான் என்று என் பட்டறையில் சொல்லிவிட்டேன். ஸ்பிரிங் பிரேக் சேம்பரைப் போல்ட் போட்டு அடக்காமல் கழற்ற யாரையும் விடுவதில்லை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும். ஆட்டோ ஸ்லாக் இருக்கிற வண்டியில் கையால் முறுக்கிச் சரிசெய்து அனுப்புவதையும் நிறுத்தியிருக்கிறோம். தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டிய சாமான் தளர்ந்து வந்தால் அதிலேயே கோளாறு, அதை மாற்ற வேண்டும், கையால் முறுக்கினால் நாலு நாளில் பழையபடி ஆகும்.

வருகிற ஆடி மாசம் நாலு ஞாயிற்றுக்கிழமையும், காலை ஆறு மணியிலிருந்து, எந்த வண்டி வந்தாலும் எல்லாச் சக்கரத்துக்கும் புஷ் ராடு அளந்து, டேங்கில் தண்ணீர் இறக்கி, நோட்டுப் போட்டு முதல் பக்கம் எழுதிக் கொடுக்கிறேன். கூலி வேண்டாம். ஒரே நிபந்தனை, அந்த வண்டியை ஓட்டுகிறவர் கூட வர வேண்டும், அன்றைய படி அவர் கையில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். 2011-இல் கால் முறிந்த அந்தத் தம்பி இப்போது என் பட்டறையில்தான் இருக்கிறார். நோட்டு எழுதப்போவது அவர்.

இப்படிக்கு,
சேலம் ரோட்டுப் பட்டறைக்காரன்,
நாமக்கல்